படத்தில் இல்லாத ஜீப்புகள்

தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீவக வீட்டு ஹாலில், நான் எடுத்த யானைப் படம் மாட்டியிருக்கிறது. இலங்கையின் மின்னேரியாவில் எடுத்தது. தாயும் குட்டியும், பின்னால் ஏரித் தண்ணீர். வருகிறவர்கள் எல்லாரும் "எவ்வளவு அமைதி!" என்பார்கள்.

அமைதியெல்லாம் இல்லை. மகாசேனன் கட்டிய அந்தக் குளம் கோடையில் வற்றும்போது, தரையில் முளைக்கும் புல்லுக்காக யானைகள் கூட்டம் கூட்டமாக வரும். பின்னாலேயே ஜீப்புகள். அன்று இருபதுக்கு மேல் எண்ணினேன். "இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா?" என்று டிரைவரைக் கேட்டதும் நான்தான். டிப்ஸை நினைத்தோ என்னவோ, அவர் போனார். மற்ற ஜீப்புகளை என் லென்ஸ் வெட்டிவிட்டது. என் ஜீப் எப்படியும் படத்தில் விழாது.

"படத்தைப் பார்த்தாதான்டா பாசம் வரும், பாசம் வந்தாதான் காப்பாத்துவாங்க" என்பான் நண்பன். இதை லேசாகத் தள்ள முடியவில்லை. 2023-இல் மட்டும் இலங்கையில் 400-க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை தாக்கி 100-க்கும் மேற்பட்ட மனிதர்களும் இறந்தார்கள். ஒரே இரவில் வயலை இழக்கும் விவசாயியின் ஊரில், சுற்றுலாப் பணம் யானைக்கு ஆதரவான ஒரு காரணம். ஆனால் என் படத்தைப் பார்த்த யாரும் அந்த விவசாயியைப் பற்றிக் கேட்கவில்லை. என்ன லென்ஸ், எந்த மாதம் போகணும், இவ்வளவுதான். மூன்று பேர் அடுத்த ஆகஸ்டில் போயே விட்டார்கள்.

(1990-இல் ஜொகூரிலிருந்து மூன்று காட்டு யானைகள் நம் தெக்கோங் தீவுக்கு நீந்தி வந்தன. பிடித்துத் திருப்பி அனுப்பினோம். யானையைப் பார்க்க நாம் போகலாம், அது நம்மைத் தேடி வந்துவிடக் கூடாது.)

போன ஞாயிறு சாயங்காலம், ஜன்னலுக்குக் கீழே புல்தரையில் ஊழியர்கள் உட்கார்ந்து ஊருக்கு வீடியோ கால் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சுற்றுலாக் கூட்டம் போனைத் தூக்கியது. ஓர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. யானையையும் மனிதரையும் நான் ஒன்றாக்கவில்லை. "எடுக்காதீங்க" என்று அவரால் சொல்ல முடியும். ஆனாலும் சொல்லவில்லை, திரும்பினார், அவ்வளவுதான். அவர்கள் எடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

உள்ளே திரும்பினால் சுவரில் என் படம். தாய் யானை பக்கவாட்டில் நிற்கிறாள், குட்டி பாதிதான் தெரிகிறது. அழகான போஸ் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்களிடமிருந்து குட்டியை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

ஜீப்புகள் வரிசையாகத் தெரியும் போன் படம் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. அதையும் பக்கத்தில் மாட்டலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"டிராஃபிக் ஜாமை யாராச்சும் வீட்ல மாட்டுவாங்களாடா?" என்றார்.