ஒன்பது கோயில், நான்கு பேர்

விடுமுறை நாளில் பிள்ளையார்பட்டி வாசலில் அரை மணி நேரம் நின்றால் போதும், இந்தக் கூட்டணி கண்ணில் படும். வாடகைக் காரிலிருந்து நான்கு பேர் இறங்குவார்கள், இரண்டு தம்பதியர். ஆண்கள் இருவரும் ஒன்றாகப் படித்தவர்களாகவோ ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களாகவோ இருப்பார்கள். அந்தச் சிநேகத்தின் வழியே பெண்கள் இருவரும் சிநேகமாகியிருப்பார்கள். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும். நால்வரின் கையிலும் அன்றைக்கு ஒரே பட்டியல்: செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்கள்.

இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒன்பதும் காரைக்குடி, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஒன்றுக்கொன்று கிட்டத்தில்தான் இருக்கின்றன. விடியலில் கிளம்பினால் உச்சிக்கால பூஜைக்குள் நான்கைந்து பார்த்துவிடலாம். நடை சாத்திய பிறகு சாயங்காலம் திறக்கும்வரை வேறு வழியில்லை. காரைக்குடியில் சாப்பாடு, ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பதை ஒரு பார்வை, கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் முகப்பில் சில படங்கள். பிறகு மிச்சக் கோயில்கள்.

இதைப் பார்த்துப் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. பேச்சும் சிரிப்புமாகப் போவது யாத்திரையா, உல்லாசப் பயணமா என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அதற்கு அடியில் அதைவிடப் பழைய கேள்வி ஒன்று கிடக்கிறது. சந்நிதியில் மனிதன் யாரோடு நிற்கிறான்? தனியாகவா, துணையோடா, கூட்டத்தோடா? கூட வந்தவர் நடுவில் தடையாக நிற்கிறாரா, வழியாக இருக்கிறாரா? செட்டிநாட்டைப்போல இந்தக் கேள்விக்குத் தோதான மண் வேறு கிடைப்பது அரிது. இங்கே கோயில் கணக்கே ஜோடிக் கணக்கு.

நகரத்தார் வழக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி. கோயிலுக்குக் கட்ட வேண்டிய வரியும் ஊர்ப் பொதுக் காரியங்களின் பங்கும் புள்ளி வாரியாகத்தான் விழும். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பங்காளிகள் என்பதால், சில பெரிய கோயில்களின் உட்பிரிவுகளுக்கிடையே உள்ள விலக்கு தவிர, அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. இரணியூர்க் கோயிலாரும் பிள்ளையார்பட்டிக் கோயிலாரும் அண்ணன் தம்பி முறை; அவர்களுக்குள்ளும் சம்பந்தம் கிடையாது. கல்யாணத்தன்று இரு வீட்டார் கோயில்களிலிருந்தும் மாலை வர வேண்டும். வந்தால்தான் அந்தக் கல்யாணம் கோயில் கணக்கில் ஏறும். பெண் அன்று முதல் கணவர் கோயிலைச் சேர்ந்தவள். ஆக, ஒரு நகரத்தார் தம்பதி என்றாலே அதில் இரண்டு கோயில்கள் இருக்கின்றன: ஒன்று வந்த கோயில், ஒன்று சேர்ந்த கோயில். இரண்டு தம்பதியர் காரில் ஏறினால் ஒன்பதில் நான்கு கோயில்கள்வரை ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருக்கலாம்.

அதனால்தான் இந்தச் சுற்றில் ஒரு நுட்பமான தருணம் வருகிறது. வைரவன்பட்டியில் வளரொளிநாதர் சந்நிதி. கூட்டமில்லாத நேரம். நால்வரில் ஒருவருக்கு அது சொந்தக் கோயில், தாத்தாவுக்குத் தாத்தா வரி கட்டிய இடம். கல்யாணத்தின் வழியே அவர் மனைவிக்கும் அப்படித்தான். மற்ற இருவருக்கும் அது அழகான கற்கோயில், அவ்வளவே. அர்ச்சனைத் தட்டு ஒன்றுதான் வாங்கியிருக்கிறார்கள். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கிறார். கோயிலுக்குரியவர் தன் பெயரையும் மனைவியின் பெயரையும் சொல்லிவிட்டுத் திரும்புகிறார்.

“அண்ணே, ஒங்க நட்சத்திரம் என்ன?”

“அனுஷம். அவளுக்கு ரோகிணி.”

“பிள்ளைகளுக்கும் சொல்லுங்கண்ணே, சேத்துச் சொல்லிருவோம்.”

வருஷக்கணக்கில் பழகியும் தெரியாமலிருந்த ஒன்று சந்நிதியில் கேட்டுத் தெரிந்துகொள்ளப்படுகிறது. அடுத்த கோயிலில் கேட்க வேண்டியிருக்காது. நண்பனின் பிள்ளைகள் வரை இவரே சொல்லிவிடுவார். தன் கோயிலில் பிறத்தியாருக்காக வாய் திறப்பதும், பிறத்தியார் கோயிலில் தன் குறையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்து நிற்பதும் பக்தியின் கலப்படம் என்று யாராவது சொன்னால், அவர் சைவ மரபைச் சரியாகப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இதே சிவகங்கைச் சீமை வழியாக ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு நண்பர்கள் ஊர் ஊராகக் கோயில் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவர் தேவாரம் பாடிய சுந்தரர், மற்றவர் சேர மன்னர் சேரமான் பெருமாள். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அந்தப் பயணத்தை ஊர் ஊராக எழுதி வைத்திருக்கிறார். திருவாரூரில் சுந்தரரின் மனைவி பரவையார் கையால் விருந்துண்டு கிளம்பியவர்கள் நாகை, மறைக்காடு வழியே கோடிக்கரைக்கு வருகிறார்கள். ஆளரவமற்ற கடற்கரையில் இருக்கும் இறைவனைப் பார்த்ததும் சுந்தரருக்கு நெஞ்சு கலங்குகிறது: இப்படித் துணையில்லாமல் தனியே இருக்கிறீரே என்று கேட்டே பாடுகிறார். பக்கத்தில் நண்பன் நிற்கும்போது கடவுளின் தனிமை அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

அங்கிருந்து பாண்டி நாடு. முதலில் திருப்புத்தூர், இன்று பிள்ளையார்பட்டிக்குப் போகிறவர்கள் தாண்டிப்போகும் திருப்பத்தூர்தான். பிறகு மதுரை. அங்கே பாண்டியனும், அவன் மகளை மணந்திருந்த சோழனும் சேர்ந்துகொள்ள, பரங்குன்றத்தில் மூவேந்தரும் உடனிருக்கச் சுந்தரர் பாடுகிறார். குற்றாலம், நெல்லை, இராமேசுவரம் எனப் பயணம் நீள்கிறது. கடலுக்கு அப்பால் ஈழத்திலிருக்கும் திருக்கேதீச்சரத்தை இக்கரையில் நின்றே பாடிவிட்டுத் திருச்சுழியலுக்குத் திரும்புகிறார்கள். அன்றிரவு சுந்தரருக்கு ஒரு கனவு. கையில் செண்டும் முடியில் சுழியமுமாகக் காளைப் பருவத்து இளைஞன் ஒருவன் வந்து, தான் இருப்பது கானப்பேர் என்று சொல்லி மறைகிறான். விழித்த சுந்தரர் அந்த அதிசயத்தைச் சேரமானிடம் சொல்கிறார். இருவரும் கானப்பேருக்குக் கிளம்புகிறார்கள்.

அந்தக் கானப்பேர்தான் சிவகங்கையிலிருந்து தொண்டி போகும் சாலையிலுள்ள காளையார்கோவில். மருது சகோதரர்கள் எழுப்பிய ராஜகோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். 1772இல் சிவகங்கைச் சீமையின் மன்னர் முத்துவடுகநாதர் போரில் வீழ்ந்ததும் இந்த ஊரில்தான். கோபுரத்தின் வரலாறு சொல்லும் வழிகாட்டிகளுக்குச் சுந்தரரின் கனவைச் சொல்ல நேரம் இருப்பதில்லை. சொல்ல வேண்டும். கானப்பேர்ப் பதிகம் முழுக்க எப்போது கண்டு தொழுவேன் என்ற ஏக்கம் ஓடுகிறது. ஊர் வழக்கில் இன்னொரு கதையும் உண்டு. கானப்பேர் எல்லையில் கால் வைக்கப் போனபோது மண்ணெல்லாம் லிங்கமாகத் தெரிய, மிதிக்க அஞ்சிச் சுந்தரர் நின்றுவிட்டாராம். இறைவன் தன் காளையை அனுப்ப, அதன் குளம்படி பட்ட இடமாகப் பார்த்துக் கால் வைத்து உள்ளே போனாராம். மனிதத் துணை பக்கத்தில் இருந்தும் போதாமல் போன இடம் அது.

இந்தப் பயணத்தைச் சுற்றுலா என்பதா, யாத்திரை என்பதா? சேக்கிழாருக்கு அப்படி ஒரு பிரிவே தோன்றவில்லை. விருந்து, அரண்மனை உபசாரம், நட்பின் பேச்சு எல்லாம் தலத்துக்குத் தலம் வரும் தரிசனத்தோடு ஒரே நூலில் கோக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த நூற்றாண்டில் மெய்கண்டார் அதற்குச் சாத்திர வடிவம் கொடுத்தார். சிவஞானபோதத்தின் கடைசிச் சூத்திரமாகிய பன்னிரண்டாவது, மலம் நீங்கியவர் இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. அன்பரோடு சேர வேண்டும், அவர்களின் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரன் என்றே தொழ வேண்டும். வரிசையைக் கவனிக்க வேண்டும். அன்பர் முதலில் வருகிறார், ஆலயம் பின்னால் வருகிறது. ஞானம் கைகூடிய பிறகு கூட்டு தேவையில்லை என்று நினைப்பவர்களுக்கு, கைகூடிய பிறகும் அதுதான் வாழும் முறை என்கிறார் மெய்கண்டார்.

இதோடு கேள்வி தீர்ந்துவிட்டால் நன்றாக இருக்கும். தீரவில்லை. சுந்தரர் கனவு கண்ட அதே திருச்சுழியில் 1879இல் ஒரு பிள்ளை பிறந்தது. 1896இல், பதினாறு வயதில், மதுரை வீட்டில் யாரிடமும் சொல்லாமல் ரயிலேறித் தனியே திருவண்ணாமலைக்குப் போனது. ரமண மகரிஷிக்குத் துணை தேவைப்படவில்லை. தாயார் பல வருஷம் கழித்து அவரிடமே வந்து சேர்ந்தார் என்பது வேறு கதை. புறப்பாடு தனிமையில்தான் நடந்தது.

அதைவிடக் கூர்மையான எதிர்வழக்கு காரைக்கால் அம்மையார். வணிகர் குலத்துப் புனிதவதியின் வாழ்க்கை ஜோடியாகத்தான் தொடங்கியது. அவள் வேண்டியதும் இறைவன் அருளால் மாங்கனி கைக்கு வந்த அதிசயத்தைக் கண்டு மிரண்ட கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போய்விட்டான். பாண்டி நாட்டு நகரம் ஒன்றில் வேறு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான். செய்தி கேட்ட உறவினர்கள் அவளைச் சிவிகையில் ஏற்றி அங்கே கொண்டுபோகிறார்கள். நோக்கம் ஒன்றே, பிரிந்த ஜோடியைச் சேர்த்துவைப்பது. ஊர்வாசலில் பரமதத்தன் இரண்டாம் மனைவியோடும் குழந்தையோடும் வந்து அவள் காலில் விழுகிறான். அந்த இடத்தில் அவள் உடலழகை உதறுகிறாள், பேயுரு கேட்டு வாங்குகிறாள். பிறகு கயிலைக்குத் தனியாக, காலால் மிதிக்காமல் தலையால் நடந்து போகிறாள். வருவது யார் என்று உமை கேட்க, நம்மைப் பேணும் அம்மை என்கிறார் இறைவன்.

இந்தக் கதையை வைத்துக்கொண்டு செட்டிநாட்டுப் புள்ளிக் கணக்கைப் பார்த்தால் மனம் உறுத்துகிறது. கணவரை இழந்த பெண்ணை அரைப்புள்ளியாக எண்ணும் வழக்கம் அந்தக் கணக்கில் உண்டு. வரியைப் பொறுத்தவரை அது சலுகைதான், பாதி கட்டினால் போதும். ஆனால் ஆளையே பாதியாக எண்ணும் பழக்கம் வரிச் சிட்டையோடு நிற்பதில்லை. நான்கு பேராகப் பத்து வருஷம் கோயில் பார்த்த கூட்டத்தில் ஒருவர் காலமாகிறார். முதல் வருஷம் துக்கம் என்று பயணம் நிற்கிறது. அடுத்த வருஷம் மிச்சமுள்ள தம்பதி வேறு ஒரு தம்பதியோடு கிளம்புகிறது. “ஆச்சியக் கூப்பிடலாமா?” என்று ஒரு வார்த்தை வரும். “தனியா வந்தா அவுகளுக்குத்தான் சங்கடம்” என்று அந்த வார்த்தை அப்படியே அடங்கிவிடும். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் கோயிலுக்குப் போகும் வண்டியில் நடக்கும் இந்தத் தவறு, வேகமாகக் கும்பிடுவதையும் படம் எடுப்பதையும் காட்டிலும் பெரியது. நட்சத்திரம் தெரியும், பிள்ளைகளின் பெயர் தெரியும், அவர் வீட்டுக் கவுனி அரிசி இனிப்பின் ருசி தெரியும். வண்டியில் இடமில்லாமல் போய்விட்டது.

தனியாக நின்ற பெண்ணை அம்மையே என்று அழைத்த கடவுளின் சந்நிதிக்குப் போகிறவர்கள், ஜோடி உடைந்தவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதற்குச் சைவத்தில் ஆதாரம் கிடையாது. மெய்கண்டார் அன்பரோடு சேரச் சொன்னபோது அந்த அன்பர் மணமானவராக இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொல்லவில்லை. சுந்தரரும் சேரமானும் அந்த நெடும்பயணத்தை மனைவியர் இல்லாமல் நட்பை மட்டும் நம்பித்தான் செய்தார்கள்.

வண்டியில் ஐந்தாவதாக இன்னொருவரும் இருக்கிறார். ஒன்பது கோயிலுக்கும் வழி தெரிந்தவர், எந்தக் கோயில் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மனப்பாடமாகச் சொல்பவர், கழற்றிய செருப்புகளுக்கும் கைப்பைகளுக்கும் காவலாக ஒவ்வொரு வாசலிலும் நின்றுவிடுபவர். ஓட்டுநர் உள்ளே வந்தாரா என்று யாரும் கேட்பதில்லை. அர்ச்சனைத் தட்டில் அவர் நட்சத்திரம் சேருவதில்லை.

சுந்தரர் கதையின் முடிவில் இதற்கு ஒரு காட்சி இருக்கிறது. கயிலையிலிருந்து அவருக்கு வெள்ளையானை வருகிறது. சேரமானுக்கு அழைப்பில்லை. நண்பன் போவதை மனத்தால் அறிந்து குதிரையில் ஏறி, அதன் காதில் ஐந்தெழுத்தை ஓதி, வான்வழியே யானையை வலம்வந்து முன்னால் போகிறார். திருவாசலில் சுந்தரர் உள்ளே போக, சேரமான் தடுக்கப்பட்டு வெளியே நிற்கிறார். உள்ளே போன சுந்தரர் தன் பேறு கிடைத்ததும் மறந்துவிடவில்லை. வாசலில் சேரமான் நிற்கிறான் என்று இறைவனிடம் சொல்கிறார். வரவழைக்கப்பட்ட சேரமானைப் பார்த்து, அழைக்காமல் வந்தது ஏன் என்று புன்முறுவலோடு கேட்கிறார் இறைவன். யானைக்கு முன்னால் சேவித்து வந்தேன், கருணை வெள்ளம் இங்கே கொண்டுவந்து தள்ளிவிட்டது என்கிறார் சேரமான். பிறகு தான் பாடி வந்த உலாவைக் கேட்டருள வேண்டும் என்று விண்ணப்பிக்கிறார். பாடச் சொல்கிறார் இறைவன்.