பிள்ளையின் நாளையை யாரிடம் கேட்பது?

மலேசியாவில் எங்கள் செனாயில் பிள்ளைக்கு எஸ்.பி.எம். என்னும் பள்ளியிறுதித் தேர்வு நெருங்கினால், சில வீடுகளில் டியூஷனோடு சேர்த்துக் குறி கேட்கவும் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களைப் பழிக்க எனக்கு மனம் வராது. பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு நாளைய பொழுது என்றுமே நிச்சயமாக இருந்ததில்லை. ஆனால், சொல்லப்படும் வாக்கு பக்கத்தில் நிற்கும் பிள்ளையை என்ன செய்யும்? சென்னை அடையாறில் உள்ள பிரம்மஞான சபையைச் சுற்றிப் பார்த்த நாளில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

அமானுஷ்ய ஆற்றலுக்குப் பேர்போன பிளவாட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் 1875-இல் நியூயார்க்கில் தொடங்கிய சபை அது. 1882-இல் அடையாற்றங்கரையில் இடம் வாங்கினார்கள். அம்மையாரின் அறையை ஒட்டியிருந்த ஒரு மரப்பேழையில் மகாத்மாக்கள் எனப்பட்ட மறைஞானிகளின் கடிதங்கள் தாமாக வந்து சேர்வதாக அன்பர்கள் நம்பினார்கள். அது மோசடி என்று 1885-இல் ஹாட்ஜ்சன் என்ற ஆய்வாளர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையே கோணலானது என்று 1986-இல் ஹாரிசன் என்ற இன்னோர் ஆய்வாளர் எழுதினார். அந்த விவாதத்தில் எனக்கு அக்கறையில்லை. என்னை நிறுத்தியது, ஆறு கடலில் கலக்கும் அந்த மணல்வெளிதான்.

1909-இல் அங்கேதான் சபையின் முன்னோடிகளில் ஒருவரான லெட்பீட்டர் ஒரு பையனைக் கண்டார். மனிதரைச் சூழ்ந்த ஒளியைக் காணும் பார்வை தமக்கு உண்டு என்றவர் அவர். பையனோ மெலிந்த உடம்புக்காரன். மந்தபுத்தி என்று பள்ளியில் அடி வாங்கியவன். அவன்தான் உலக குருவாகப் போகிறான் என்று சபையின் பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். பிள்ளையைத் திரும்பக் கேட்டுத் தந்தை நாராயணையா சபைத் தலைவி அன்னி பெசன்ட் அம்மையார் மீது வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றியது. அந்தப் பையன்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1929-இல் ஹாலந்தின் ஓமன் நகரில், தம்மைத் தலைவராக வைத்துத் தொடங்கிய நட்சத்திர சங்கத்தை, கூடியிருந்த ஆயிரக்கணக்கானவர் முன்னிலையில் அவரே கலைத்தார்.

கிருஷ்ணமூர்த்திக்குச் சொன்னது நல்வாக்கு. அதை இறக்கி வைக்கவே அவருக்கு இருபது வருடம் பிடித்தது. "இவனுக்குப் படிப்பு ஏறாது", "இவளுக்கு வெளியூர் ஆகாது" என்று கேட்டு வளரும் நம் பிள்ளைகள் அந்தச் சுமையை எங்கே இறக்குவார்கள்? பல பேர் கடைசி வரை இறக்குவதில்லை. வாக்குப் பலித்துவிட்டது என்று நாமும் சொல்லிக்கொள்கிறோம்.

அதே அடையாறில் ஆல்காட் 1886-இல் நூலகம் அமைத்தார். ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகள் அங்கே காக்கப்படுகின்றன. 1894-இல், சாதியால் ஒதுக்கப்பட்டு அன்று பஞ்சமர் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்தார். அவர் பெயர் தாங்கிய பள்ளி இன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கிறது. அதற்கு ஞானதிருஷ்டி வேண்டியிருக்கவில்லை. எதிரே நிற்கும் பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்று கண்டால் போதுமாக இருந்தது.

கோயிலுக்குப் போங்கள், பிள்ளைக்காக மனமுருகி வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் என்ன ஆவான் என்று இன்னொருவர் வாயால் கேட்டு, அதை அவன் தலையில் ஏற்றாதீர்கள். என்ன படிக்க ஆசை, எது பயமாக இருக்கிறது என்று முதலில் அவனிடமே கேளுங்கள்.