இழையும் குன்றலும்

பிரிவு என்னும் சொல் நம் செவியில் இழப்பாகவே ஒலிக்கிறது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் பூமியில் அதற்குக் காரணமும் உண்டு. மானாவாரி நிலம் பாகப்பிரிவினையில் துண்டுபடத் துண்டுபட, தலைமுறைதோறும் பங்கு குறுகிக்கொண்டே வருகிறது. பிரித்தால் குறையும் என்பதே மண் நமக்குக் கற்பித்த கணக்கு.

உயிரியல் வேறொரு கணக்கையும் காட்டுகிறது. ஜெர்மனியின் கீல் நகரப் பேராசிரியர் வால்தர் பிளெமிங், சாலமாண்டர் இளவுயிரிகளின் செல்களுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். செல் பிரியுமுன் அதன் உட்கருவில் இழைகள் தோன்றுவதையும், அவை நீளவாக்கில் பிளந்து இருபுறமும் விலகுவதையும் கண்டார். கிரேக்க மொழியில் ‘மிட்டோஸ்’ என்றால் நூல். அதனைக் கொண்டு 1882-இல் அந்நிகழ்வுக்கு ‘மைட்டாசிஸ்’ என்று பெயரிட்டார். ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் இதனை ‘இழையுருப்பிரிவு’ என்றே வழங்குகின்றன. பருத்தி விளையும் மண்ணில் வாழும் நமக்கு இப்பெயர் அந்நியமன்று. ஒரு பிரிவுக்குப் பெயர் தந்தது வெட்டு அன்று, இழை என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரியுமுன்னரே செல் தன் மரபுப்பொருள் முழுவதையும் இருமடங்காக்கிக்கொள்கிறது. ஆகவே சேய்ச்செல்கள் இரண்டும் பெறுவது பாதியன்று, முழுமை.

1905-இல் பிரிட்டனில் பார்மர், மூர் என்னும் அறிஞர் இருவர் மற்றொரு சொல்லை வழங்கினர்: ‘மியாசிஸ்’. அதன் கிரேக்க மூலத்துக்குக் குறைதல் என்பது பொருள். நம் பாடநூல்களில் அது ‘குன்றல் பகுப்பு’. மனித உடற்செல்லின் 46 குரோமோசோம்கள் இனச்செல்லில் 23 ஆகின்றன. கரிசலின் பழைய கருங்கண்ணிப் பருத்தியில் 26 என்பது 13 ஆகிறது. இரண்டும் குறைந்து வருவதால்தான், இணையும்போது புதிய உயிர் தனக்குரிய முழு எண்ணிக்கையைப் பெறுகிறது. கிறிஸ்து தம்மையே வெறுமையாக்கிக்கொண்டதைப் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தில் பவுலடியார் போற்றுவதை இங்கே நினைவுகூர்கிறோம்.

ஆயினும் செல்லுக்கு மனச்சான்று இல்லை. அதனிடம் அறம் பயில நாம் செல்ல இயலாது. கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்களே புற்றுநோய் ஆகின்றன. இவ்விரு சொற்களும் நமக்கு விடை தருவதில்லை. ஒரு வினாவைத் தெளிவாக்கித் தருகின்றன. எது பாதியாகலாம்? எது பாதியாகலாகாது?

சொத்தைப் பிரித்துக்கொண்ட பிள்ளைகள், பெற்ற தாயையும் மாதக்கணக்கில் முறைவைத்துக்கொள்வதை நம் ஊர்களில் காண்கிறோம். முறைவைத்துப் பேணுவது தவறன்று. முறை முடிந்ததும் கடமையும் முடிந்தது என்று எண்ணுவதே தவறு. நிலம் பாதியாகலாம், நகையும் பாதியாகலாம். பெற்றோரைப் பேணும் கடமையோ ஒவ்வொரு பிள்ளைக்கும் முழுமையாகவே வந்து சேர்கிறது. நான்காம் கட்டளையில் அண்ணனுக்கு ஒரு பங்கு, தம்பிக்கு ஒரு பங்கு என்று எழுதப்படவில்லை. அண்ணனின் மாதத்தில் தாய் நோயுற்றால், தம்பியும் அன்றே மகன்தான்.

உரிமை கோரும்போது குன்றவும், கடமை ஏற்கும்போது முழுமையாக நிற்கவும் நாம் கற்க வேண்டும். அப்போது வரப்புகள் பெருகினாலும் குடும்பத்தின் இழை அறாது.