அணுக்கன் என்னுஞ் சொல்

ஒருவர்க்கு அருகிருந்து பணி புரிவாரைக் குறித்தற்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஏவலன், பணியாள், தொழும்பன், தொண்டன், அடியான், ஊழியன், பரிசனம், அணுக்கன் என்பன அவற்றுட் சில. இவற்றை ஒருபொருட் பன்மொழியாகத் தொகுத்துரைத்தல் நிகண்டு பயில்வார்க்கு எளிது. ஆயினும் ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு காரணம் பற்றிப் பிறந்தமையின், அக்காரணத்தை நோக்குமிடத்து அவை தம்முள் வேற்றுமையுடையவாதல் புலனாகும். அவற்றுள் இக்காலத்து வழக்கு அருகிய அணுக்கன் என்னுஞ் சொல்லை எடுத்துக்கொண்டு, பெரியோர்க்கு அருகிருத்தல் ஒருவற்கு உரிமையோ கடமையோ என்னும் வினாவை ஈண்டு ஆராய்வாம்.

ஏவலன் என்பது ஏவுதல் என்னுந் தொழிலடியாகப் பிறந்தது. ஏவுவான் ஒருவன் உளனாதலை அஃது உணர்த்துமேயன்றி, ஏவப்படுவான் மனநிலையை உணர்த்தாது. சிறு பணிகளைக் குற்றேவல் என்பதும் அதன்பாற்படும். பணியாள் என்பதிலுள்ள பணி, செயலையும் கட்டளையையும் வணக்கத்தையும் ஒருங்கே குறிக்கும். தொழும்பன் என்பது ஆட்பட்டமை பற்றியது. அடியான் என்பது தலைவன் திருவடியைச் சார்ந்தமை பற்றியது. பரிசனம் என்னும் வடசொல் சூழ நிற்பாரைச் சுட்டும். தொண்டனும் ஊழியனும் தத்தம் செயலாற் பெயர் பெற்றனர். அணுக்கனோ, ஏவலானும் ஆட்பட்டமையானும் செயலானும் அன்றி, அணுகுதல் என்னும் வினையடியாக, தலைவற்குந் தனக்கும் இடையே தொலைவின்மை ஒன்றானே பெயர் பெற்றான்.

சோழர் காலத்தில் இச்சொல் பெருவழக்கிற்று. முதலாம் இராசேந்திர சோழன்பால் நெருக்கமுடையராய்த் திருவாரூர்த் திருக்கோயிற்குத் திருப்பணி புரிந்த பரவை நங்கையாரை அணுக்கியார் என்று அவ்வூர்க் கல்வெட்டுக் கூறும். பெருங்கோயில்களில் உட்புகும் வாயிலொன்று திருவணுக்கன் திருவாயில் எனப் பெயர் பெற்றது. இங்ஙனம் ஆளுக்கும் வாயிலுக்கும் ஒரு சொல்லே பெயராயினமை கருதற்பாலது. வாயில் திருமுன்புக்கு மிக அணித்தாக நிற்பது. ஆயினும் தான் அங்கு நிற்றற்பொருட்டு அன்று, பிறர் உள்ளே புகுதற்பொருட்டே நிற்பது.

மன்னரை அணுகுவார்க்கு அவ்வணிமை அச்சத்தோடு கூடியது. மன்னரைச் சேர்ந்தொழுகல் என்னும் அதிகாரத்துத் திருவள்ளுவனார் தீக்காய்வாரை உவமை காட்டியது இதுபற்றியே. இறைவன்பால் அவ்வச்சத்திற்கு இடமில்லை. அற்றேல், எல்லா உயிர்க்கும் உயிர்க்குயிராய் ஒருபடித்தாக உடனிற்கும் இறைவற்கு, ஒருவனை மாத்திரம் அணுக்கன் எனப் பிரித்துரைத்தல் யாங்ஙனம் பொருந்தும் எனின், கூறுதும். அணிமை இறைவன்பால் மிக்கும் குறைந்தும் நிற்பதன்று. ஆணவ மறைப்பாற் கட்டுண்ட உயிர் அதனை உணர்தலும் உணராமையுமே வேறுபாட்டிற்குக் காரணம். அம்மறைப்பின்வழித் தோன்றுவதே யான் எனது என்னுஞ் செருக்கு. ஆகலின், ‘யானே அணியேன், ஏனையோர் சேயர்’ என்று ஒருவன் கருதிய அப்பொழுதே அவன் சேயனாயினான் என்க.

இதற்குச் சுந்தரமூர்த்தி நாயனார் வரலாறே சான்று. அவர் கயிலையில் இறைவற்குத் திருநீறும் மலர்மாலையும் ஏந்தி நின்ற அணுக்கத் தொண்டர். திருவெண்ணெய்நல்லூரில் ஆளோலை காட்டி ஆட்கொள்ளப்பட்ட அடிமை. பின்னர்த் தம்பிரான் தோழர். இவரினும் அணியர் யாவர்? ஆயினும் திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்துக் குழுமியிருந்த அடியாரை அணுகி வணங்காது, உள்ளத்து அன்புடையராய் ஒருபுறம் ஒதுங்கித் திருமுன் சென்ற அன்று, செங்குன்றூர் விறன்மிண்ட நாயனார், வன்றொண்டரும் அடியார்க்குப் புறம்பு, அவரை ஆண்ட இறைவனும் புறம்பு என்று கூறினார். அதன் பயனாகத் தோன்றியதே திருத்தொண்டத்தொகை. அடியாரைக் கடந்து சென்று அடையும் அணிமை அணிமையன்று என்பதே அந்நிகழ்ச்சியாற் பெறப்படும் முடிபு.

அந்நாயனார் சேரமான் பெருமாளோடு பாண்டிநாட்டுத் தலங்களை வழிபட்டு வருங்கால், குண்டாற்றங்கரையிலுள்ள திருச்சுழியலை அடைந்து பதிகம் பாடி அங்கே தங்கினர். அன்றிரவு இறைவன் கையிற் செண்டு ஏந்திய காளைவடிவிற் கனவிலே தோன்றி, தாம் இருப்பது கானப்பேர் என்று உணர்த்தி மறைந்தனன் என்பது பெரியபுராணம். திருச்சுழியற் பெருமான் திருமுன்பே உறங்கிய அணுக்கர்க்கு வேறோர் ஊரைக் காட்டியது என்னை? வந்த இடத்தையே தனக்குரிய இடமாகக் கொண்டு அமர்தல் அணுக்கன் இயல்பன்று, தலைவன் குறிப்பின்வழிப் பெயர்தலே அவன் இயல்பு என்று யாம் கொள்ளுதும்.

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் சூழ்ந்த இந்நிலம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையும் ஆண்டு சில. நீர் குறைந்த ஆண்டில், மடையைத் திறந்து வயல்தோறும் முறைவைத்து நீர் விடுதற்கு ஊரார் ஒருவரை அமர்த்துவர். அவரை நீர்ப்பாய்ச்சி என்பர். ஆயக்கட்டில் தமக்கென நிலமில்லாதாரை இப்பணிக்கு வைத்தலும் பல ஊர்களில் வழக்கு. மடைக்கு அவரினும் அணியர் இலர். அவ்வணிமை கடைமடைப் பயிர் வாடாமைப்பொருட்டு அவர்க்கு அளிக்கப்பட்டது. கடைமடை காய்ந்ததாயின், ஊரார் வினவுவது அவரையே.

திருச்சுழியில் 1879 திசம்பர் 30 இற் பிறந்து, 1950 இல் திருவண்ணாமலையில் நிறைவெய்திய இரமண மகரிசிகளுக்குத் தொடக்கத்தில் அணுக்கராய் அமைந்தவர் மலையாள நாட்டுப் பழனிச்சாமி என்பார். அவர் ஊருட் சென்று தமிழ் ஞானநூல்களை இரவல் பெற்றுவந்து, தமிழ்ப் பயிற்சி குறைவாதலின் படித்தற்கு இடர்ப்படுவர். அதனைக் கண்ட மகரிசிகள் தாமே அந்நூல்களைப் படித்து அவர்க்குப் பொருள் கூறுவாராயினர். அவ்வாற்றான் மகரிசிகளும் சாத்திரக் கருத்துக்களை அறிந்தனர். பழனிச்சாமி தமது குறையை மறைத்துப் பணியாளராய் மாத்திரம் நின்றிருப்பின், அவ்வாயில் திறந்திராது.

இனி, இது நம்மனோர்க்கு ஆவதென்னை? திருமடங்களினும் திருக்கோயில்களினும் அணுக்கத் தொண்டு பூண்டார் இன்றும் உளர். எளியார் ஒருவர் நெடுந்தொலை நடந்துவந்து திருமுன்பு நிற்க விழைவாராயின், முதற்கண் அவர் காண்பது இவ்வணுக்கர் முகத்தையே. அம்முகம் கடுகடுத்ததாயின், அவர் மீள்வர். உள்ளிருக்கும் பெரியார்க்கு அவர் வந்ததுந் தெரியாது, மீண்டதுந் தெரியாது. அப்பழி ஏவிய தலைவரைச் சாராது, ஏவாமலே தடுத்த அணுக்கரையே சாரும். ஆதலின், அருகிருத்தல் உரிமையோ கடமையோ எனின், பிறரை அருகே கொணர்தற்கு அளிக்கப்பட்ட கடமையே என்று துணிக. இரவில் நடை அடைக்குங்கால் அணுக்கத் தொண்டர் தம்மைத் தாம் வினவிக்கொள்ளத்தக்கது, ‘இன்று என் பொருட்டு வெளியே நின்று மீண்டார் எவரேனும் உளரோ?’ என்பதே.