வற்றிய குளத்தில் ஆம்பல்

ஆன்மீக மேடைகளில் தாமரைக்குக் கிடைக்கும் இடம் ஆம்பலுக்குக் கிடைப்பதில்லை. சேற்றில் பிறந்தும் சேறு படியாத பூ, தண்ணீரில் இருந்தும் நனையாத இலை என்று தாமரையைக் காட்டிப் பற்றின்மையைச் சொல்வது நமக்கெல்லாம் மனப்பாடம். அதே குளத்தில் யாரும் நடாமல் தானே முளைத்துக் கிடக்கும் ஆம்பலை, அதாவது அல்லியை, நம் முன்னோர் வேறொரு பாடத்துக்காக எடுத்து வைத்திருந்தார்கள். உடனிருத்தல் என்பது அந்தப் பாடம். மூதுரையில் ஔவை, நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறந்துபோகும் பறவைகளை ஒரு பக்கம் நிறுத்துகிறார். குளத்தோடு கூடவே வாடும் கொட்டியையும் ஆம்பலையும் நெய்தலையும் மறுபக்கம் நிறுத்துகிறார். உறவு என்றால் இந்த இரண்டாவது வகைதான் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்.

இதற்கு உடனே ஒரு கேள்வி எழும். பறவைக்குச் சிறகு இருக்கிறது, போகிறது. குஞ்சுக்கு இரை தேட வேண்டியது அதன் கடமையும்கூட. ஆம்பலுக்கோ வேர் இருக்கிறது, போக முடியவில்லை. ஓட வழியில்லாதது கூட இருப்பதில் என்ன பெருமை? நியாயமான கேள்விதான். ஆனால் ஓட முடியாத செடிகள் எத்தனையோ கோடையில் செத்து மடிகின்றன. ஆம்பல் செய்வது வேறு. நீர் குறையக் குறைய இலையை விடுகிறது, பூவை விடுகிறது, தன்னைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் சேற்றுக்குள் ஒரு கிழங்காக மட்டும் மிஞ்சுகிறது. மேலே குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்க, கீழே அது உயிரைப் பொத்தி வைத்திருக்கிறது. மழை பெய்து நீர் தேங்கியதும் அந்தக் கிழங்கிலிருந்தே துளிர் கிளம்புகிறது. குளத்தின் வறுமைக்குத் தக்கபடி தன் தேவையைக் குறைத்துக்கொள்வதுதான் இங்கே பெருமை. தாயையும் தமையனையும் நாமும் தேர்ந்தெடுத்துப் பிறக்கவில்லையே! தேர்வு இல்லாத இடத்தில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பதை வைத்துத்தான் உறவை அளக்க முடியும்.

நீர் ஏறும்போதும் இதே கதைதான். குளம் நிறைய நிறைய ஆம்பலின் தண்டும் நீண்டு, இலையையும் பூவையும் மேல்மட்டத்துக்குக் கொண்டு வருகிறது. ஊக்கமுடைமை அதிகாரத்தில் வள்ளுவரும் (குறள் 595), மூதுரையில் ஔவையும் இதைக் கண்டிருக்கிறார்கள். முன்னவர் உள்ளத்தின் உயரத்துக்கும் பின்னவர் கற்ற நூலின் அளவுக்கும் இதை உவமையாக்கினார்கள். பூத்து முடிந்தபின் நடப்பது இன்னும் அழகு. தாமரை தன் விதைப்பையை நீருக்கு மேலே நிமிர்த்திப் பிடித்திருக்கும். ஆம்பலின் காம்போ வளைந்து நீருக்குள் இறங்கிவிடும். காய் முற்றுவது தண்ணீரின் மடியில்தான்.

பற்றை விடச் சொல்லும் சமயம் பற்றிக்கொண்டிருக்கும் பூவைப் புகழலாமா என்று கேட்பவர்கள் உண்டு. துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளையே அவர்களுக்குப் பதிலாகக் காட்டலாம். பற்றுகளை விடுவதற்கே, பற்றில்லாத ஒருவனைப் பற்றிக்கொள்ளச் சொல்கிறார் வள்ளுவர். பிடி இல்லாமல் விடுதலை இல்லை. அந்தத் தாமரைக்குக்கூடச் சேற்றுக்குள் கிழங்கு ஓடிக்கொண்டிருக்கிறது; மேடையில் பேசும்போது இலையைப் பார்க்கிற நாம் கிழங்கை மறந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

சந்திரனைக் கண்டு அல்லி மலர்கிறது என்ற கவிமரபைச் சிலர் பொய் என்று தள்ளுவார்கள். அமாவாசை இரவிலும் வெள்ளாம்பல் மலரத்தான் செய்கிறது. மாலையில் விரிந்து மறுநாள் வெயில் ஏறக் கூம்புவது அதன் இயல்பு. உண்மைதான். ஆனால் பக்தியின் பக்கம் நின்று பார்த்தால் அமாவாசையில் மலர்வதுதான் பெரிய செய்தி: நாயகன் முகம் தெரியாத இரவிலும் அது காத்திருப்பை விடவில்லை. திருப்பாவையின் 14ஆம் பாசுரத்தில் ஆண்டாள், புழக்கடை வாவியில் செங்கழுநீர் விரிந்ததையும் ஆம்பல் கூம்பியதையும் விடியலுக்கு அடையாளமாகச் சொல்லித் தோழியை எழுப்புகிறாள். கூம்பிய ஆம்பலை உறங்குகிறவர்களின் உருவமாகக் கொள்வாரும் இருக்கலாம். எனக்கு அது ராக்காவல் முடித்துக் கண் அயரும் பூவாகவே படுகிறது.

இந்த உறவுக்குப் பழைய சாட்சி புறநானூற்றின் 248ஆம் பாட்டு. பாடியவர் ஒக்கூர் மாசாத்தனார். கணவனை இழந்த பெண் ஒருத்தி அதில் பேசுகிறாள். இளமையில் அவளுக்கு உடுக்கும் தழையாக இருந்தது சிறிய வெள்ளாம்பல். இப்போது கைம்மை நோன்பில், வேளை தப்பி அவள் உண்ணும் அல்லியரிசியைத் தருவதும் அதே ஆம்பல். நல்ல காலத்தில் உடையாகவும் கெட்ட காலத்தில் உணவாகவும் ஒரே கொடி ஒரு பெண்ணோடு வந்திருக்கிறது. அவள் அதற்கு நன்றி சொல்லவில்லை, தன் விதியைப் பழிக்கவும் இல்லை. தனக்கே இரங்க ஆளில்லாத அந்த நிலையிலும், முதல் சொல்லிலேயே ஆம்பலுக்காக இரங்குகிறாள்.