கடல்கோளும் சஸ்பென்ஸ் கணக்கும்

கடல்கோள் நிஜமாகவே நடந்ததா என்ற கேள்விக்கு நம்மிடையே இரண்டு பதில்கள்தான் புழக்கத்தில் உள்ளன. ஒன்று பக்தி, மற்றது ஏளனம். இரண்டுக்கும் யோசனை தேவையில்லை. கல்லூரி நாட்களில் நான் முதல் கட்சி. பின்னர் கொஞ்ச காலம் இரண்டாவது.

இறையனார் களவியல் உரை மூன்று சங்கங்களுக்குத் தரும் வருஷக் கணக்கு 4440, 3700, 1850. எண் கூட்டிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு உறுத்தியது: மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. எந்த உண்மையான பேரேடும் இவ்வளவு சுத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆனால் எண் புனைவு என்பதால் நீரும் புனைவாகிவிடாது.

சுமார் 20,000 வருஷங்களுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணை அன்று நடந்து கடக்கிற நிலம். பனி உருகி, 7,000 வருஷங்களுக்கு முன்புதான் நீர் இன்றைய மட்டத்தை நெருங்கியது. சராசரியில் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. ஆனால் தட்டையான தரையில் ஒரு சாண் நீர் எத்தனை தூரம் போகும் என்பது மரக்காணம் உப்பளத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். குமரி முனையை ஒட்டி ஒரு கரை மூழ்கியிருக்கிறது, சந்தேகமில்லை. மூழ்கியது கண்டமல்ல. லெமூரியா, மடகாஸ்கர் விலங்குகளுக்கும் இந்திய விலங்குகளுக்கும் உள்ள உறவை விளக்க 1864இல் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் வைத்த ஊகம். கண்டங்களே நகர்பவை என்று தெரிந்தபின் விஞ்ஞானம் அதைக் கைவிட்டது. நாம் விடவில்லை.

ஒரே நாளில் வரும் கடலும் பொய்யல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி. 2004 டிசம்பர் 26 காலையில் இதே கரை. குயிலாப்பாளையம் மேட்டில் இருப்பதால் தப்பியது, கீழே குப்பங்கள் தப்பவில்லை. மெதுவான கடலின் பரப்பையும் திடீர்க் கடலின் வேகத்தையும் கதை ஒன்றாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பல தலைமுறை ஞாபகம் வேறு எப்படி இருக்கும்?

ஆகவே நடந்ததா என்பதல்ல இப்போது என் பிரச்னை. வங்கியில் அன்றைய கணக்கு நேராகாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸ் கணக்கில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போவோம். தமிழ் இலக்கிய சரித்திரத்தில் கடல் அந்தக் கணக்கு. காணாமல் போன நூல்கள் எல்லாம் அதன் பற்றில். இதில் ஒரு நிம்மதி இருக்கிறது: குற்றவாளியை விசாரிக்க முடியாது. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர் போனபோது, கோவில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமம் செய்துவிட்டதாக அவரிடம் சொன்னார்கள். ஆடிப்பெருக்கில் நீரோடு விட்ட ஏடுகளைப் பற்றியும் கேள்விப்பட்டு எழுதியிருக்கிறார். கபாடபுரத்துக் காலமல்ல அது, ரயில் வந்துவிட்ட காலம். ஏட்டை எடுத்துப் போட்டவை மனிதக் கைகள், அதுவும் பயபக்தியோடு. கரையானுக்கு விட்டவை எத்தனை என்பதற்குக் கணக்கே கிடையாது.

எங்கள் ஊர் செம்மண் மேடு. மரங்களை வெட்டித் தீர்த்தபின் ஒவ்வொரு மழையும் மண்ணை அரித்து, ஆள் உயரத்துக்கும் மேலான பள்ளங்களை வெட்டிக்கொண்டு கடலுக்குப் போயிற்று. கடல் இங்கே ஒரு அடிகூட ஏறி வரவில்லை. 1968க்குப் பிறகு ஆரோவில்காரர்களும் ஊராரும் வரப்புக் கட்டி மரம் நட்டார்கள். அரிப்பு குறைந்தது. பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. பெருமழை நாளில் கரையோரம் நீர் சிவப்பாகிறதா என்று இன்னமும் போய்ப் பார்க்கிறேன்.