தழும்பு சிறிது, துயரும் சிறிதா?

புண்ணின் அளவைக் கொண்டு துன்பத்தை அளப்பது மனித வழக்கம். கட்டுப் பெரிதாயிருந்தால் இரங்குகிறோம், சிறிதாயிருந்தால் "அவ்வளவுதானா!" என்று ஆறுதலடைந்து திரும்பிவிடுகிறோம். இவ்வளவுகோல் நேர்மையானதா?

பெருங்குடல் புற்றுநோய்க்கு நுண்துளை அறுவைச் சிகிச்சை இன்று பரவலாகச் செய்யப்படுகிறது. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பச் செய்து, நான்கைந்து சிறு துளைகளின் வழியே கேமராவையும் கருவிகளையும் நுழைத்து, குடலின் நோயுற்ற பகுதியை வெட்டி, சற்றே பெரிய ஒரு கீறலின் வழியாக வெளியே எடுக்கிறார்கள். நோயாளி விரைவில் எழுந்து நடக்கிறார். 872 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2004-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு, வயிற்றைத் திறந்து செய்யும் முறைக்கு இம்முறை குறைந்ததன்று என்று காட்டியது. இது பெருங்கொடை, ஐயமில்லை.

ஆயினும், உள்ளே அறுபட்டது அதே குடல்தான். வயிற்றில் அறுக்கப்பட்டவருக்குத் தோள் வலிக்கிறது. வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் எழும் அவ்வலியை வீட்டார் எளிதில் நம்புவதில்லை. வாரக்கணக்கில் நீடிக்கும் களைப்பு சோம்பலாகத் தோன்றுகிறது. திசுப் பரிசோதனையின் முடிவு வரும்வரை உறங்காத இரவுகளுக்கோ தழும்பே இல்லை. "சின்ன ஆப்பரேஷன்தானே!" என்ற சொல் அன்பினால் பிறப்பதே; எனினும் அது அவரது வாயை அடைத்துவிடுகிறது. நாளடைவில் அவரே தம் வேதனைக்கு வெட்கப்படத் தொடங்குகிறார்.

காயம் சிறிதானால் ஆபத்தும் சிறிது என்பதும் எப்போதும் மெய்யன்று. தொடக்க நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காகக் கருப்பையை அகற்றிய பெண்களிடையே நடந்த பன்னாட்டு ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. நாலரை ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, நுண்துளை முறையில் 86 விழுக்காடே. மருத்துவ உலகம் தன் அளவுகோலைத் திருத்திக்கொண்டது.

அவ்வுலகம் எண்ணிப் பார்த்துத் திருந்தியது. நாம் கேட்டுப் பார்த்துத் திருந்தலாம். "வலிக்கிறது என்போர் சொல்வதையெல்லாம் அப்படியே ஏற்பதா?" எனச் சிலர் வினவக்கூடும். தீர்ப்பு வழங்கவா நாம் நோயாளியின் கட்டிலருகே அமர்கிறோம்? வலியை அறிந்தவர் அதைச் சுமப்பவர் ஒருவரே. ஆகவே, "அவ்வளவுதானா!" என்பதை விடுத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்போம், கேட்டபின், விடை வரும்வரை காத்திருப்போம்.